கோட்டுக்கு அரை மைல் முன்னால்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

1. இலங்கையின் வடக்குக் கரையில், மயிலிட்டியில் இருக்கும் என் பெரியப்பாவின் மகன் நேசன் அண்ணை கடற்றொழில் செய்கிறார். அவர் கேட்டதால், கைபேசியில் ஓடும் சிறிய செயலி ஒன்றை லண்டனில் இருந்து எழுதிக் கொடுத்தேன். படகு எங்கே நிற்கிறது, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடல் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை அது காட்டும். கோட்டுக்கு அரை மைல் இருக்கும்போது மணி அடிக்கும்.

2. எட்டு மாதம் அது ஒழுங்காக வேலை செய்தது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

3. ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், அங்கே பொழுது விடியும் நேரத்தில், அண்ணையின் படகு கோட்டைத் தாண்டியது. படகில் மூன்று பேர்.

4. இந்தியக் காவல் கப்பல் ஒன்று அவர்களைப் பிடித்து நாகப்பட்டினம் பக்கம் கொண்டுபோனது. மூவரும் சிறையில் வைக்கப்பட்டார்கள்.

5. பிடிபடுவதற்கு முன் படகு நின்ற கடைசிப் பதினொரு இடங்கள், கால் மணித்தியாலத்துக்கு ஒன்றாக, லண்டன் டூட்டிங்கில் இருக்கும் என் கணினிக்கு வந்து சேர்ந்திருந்தன.

6. அந்தப் பதினொரு புள்ளிகளையும் நீதிமன்றத்துக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒன்பது நாள் சண்டை நடந்தது.

7. கொடுத்தோம்.

8. போன செவ்வாய்க்கிழமை மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

எட்டாவதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு தேத்தண்ணீர் குடித்தேன். இனி ஆறுதலாக எழுதலாம்.

*

என் வேலை கப்பல்களின் இடத்தைக் கணக்கிடும் மென்பொருள் எழுதுவது. டூட்டிங் புரோட்வேயில் பாதாள ரயில் ஏறி, தேம்ஸ் ஓரத்து அலுவலகம் ஒன்றில் இறங்கி, உலகத்துக் கப்பல்கள் எல்லாம் சின்ன முக்கோணங்களாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடலில் நான் போனது டோவரில் இருந்து பிரான்சுக்குப் போகும் பெரிய படகில் மட்டும். அதிலும் தலை சுற்றிச் சத்தி எடுத்தேன்.

அப்பா அப்படியில்லை. மயிலிட்டியில் இருபத்தாறு வயது வரைக்கும் கடலில் இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஊரோடு எழும்பி ஓடினவர்களில் அவரும் ஒருவர். அதன்பிறகு ஊர் இராணுவ வலயத்துக்குள் போய்விட்டது. துறைமுகம் திரும்பத் திறக்க இருபத்தேழு வருடம் எடுத்தது. நான் இடம்பெயர்ந்த வீடொன்றில் பிறந்து, ஒன்பது வயதில் இங்கே வந்தேன். அதற்கு முன்னமே வந்துவிட்ட அப்பா டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றார், பிறகு பார்சல் பிரிக்கும் கிடங்கில். இப்போது ஓய்வு. கடலைப் பற்றி வீட்டில் கதைக்கமாட்டார். ஆனால் மீன் கடைக்குப் போனால் மட்டும் கடைக்காரரோடு சண்டைக்கு நிற்பார்.

"இது எங்கத்தைய பாரை?"

"சிலோன் பாரை அண்ணை."

"தம்பி, நான் சிலோன் பாரை. இது வேற."

என் தம்பி இங்கே பிறந்தவன். வங்கியில் வேலை. அவனுக்கு நேசன் அண்ணை ஒரு வாட்ஸ்அப் படம் மட்டும். அண்ணை பிடிபட்ட செய்தியைச் சொன்னபோது, "அக்கா, கோடு எங்க எண்டு தெரிஞ்சும் வை டிட் ஹி க்ராஸ் இட்?" என்று கேட்டான். கோபப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவன் கேட்ட கேள்விதான் நான் கேட்டிருக்கவேண்டிய முதல் கேள்வி.

*

அண்ணை ஏன் அந்தச் செயலியைக் கேட்டார் என்று சொல்ல, அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எங்கள் வடக்குக் கரைக்கும் நாகப்பட்டினத்துக் கரைக்கும் இடையில் இருக்கும் கடல் ஒடுக்கமானது. அப்பாவின் தகப்பன் காலத்தில் தெற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் பாய் விரித்து அக்கரைக்குப் போய், படம் பார்த்து, சேலை வாங்கி, காற்று மாறத் திரும்பி வருவார்களாம். பக்கத்துத் துறைகளில் கட்டிய தோணிகள் ரங்கூன் வரைக்கும் அரிசிக்குப் போய்வந்தன. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஒருவர் மாறி ஒருவர் வந்து, கடலைப் பார்த்தபடி கோட்டைகள் கட்டினார்கள், இருந்த கோட்டைகளைப் பிடித்தார்கள். அப்போதெல்லாம் சண்டை துறைமுகங்களுக்காக. தண்ணீரின் நடுவில் யாரும் கோடு போடவில்லை.

கோடு எழுபதுகளில் வந்தது. கொழும்பும் டெல்லியும் மேசையில் இருந்து சில புள்ளிகளைக் குறித்து இணைத்தன. கச்சதீவு இந்தப் பக்கம் வந்தது. இரண்டு கரையிலும் கடலுக்குப் போகிறவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த பத்து வருடத்தில் போர் வந்தது. கோடே தேவையில்லாமல் போனது, ஏனென்றால் எங்கள் ஆட்களுக்குக் கடலே தடை. எத்தனை மணிக்கு இறங்கலாம், எத்தனை குதிரை வலு எஞ்சின் வைத்திருக்கலாம், எந்தப் பாஸ் காட்டவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் சட்டம். சண்டை முடிந்து கடல் திறந்தபோது, அக்கரையில் இருந்து பெரிய இழுவைப் படகுகள் வந்து, எங்கள் கரை வரைக்கும் அடியோடு வாரிக்கொண்டு போயின. அண்ணை ஆட்களின் வலைகளும் அதோடு போயின.

அதனால் எங்கள் கரையில் அந்தக் கோட்டை மிகவும் மதித்தவர்கள் யார் என்று கேட்டால், அது கடற்றொழிலாளர்கள்தான். அண்ணை சங்கத்துச் செயலாளர். ஆர்ப்பாட்டத்தில் ஒலிவாங்கி பிடித்து "எல்லை தாண்டாதே" என்று கத்திய காணொளி இன்னும் முகநூலில் இருக்கிறது. அதிகாரிகளிடம் முறையிடப் போனபோது, "எந்த இடத்தில கண்டனீங்கள்? அத்தாட்சி இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்று மாலை எனக்கு அழைப்பு எடுத்தார்.

"தங்கச்சி, நீ கப்பலுக்குச் செய்யிறதை எங்கட வள்ளத்துக்குச் செய்ய ஏலுமோ? அந்த இழுவை ரோலரைக் கண்டா ஒரு பொத்தானை அமத்தவேணும். இடமும் நேரமும் பதியவேணும். அவ்வளவுதான்."

இரண்டு மாத வார இறுதிகளில் எழுதி முடித்தேன். இழுவைப் படகைக் கண்டால் அமத்த ஒரு சிவப்புப் பொத்தான். கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கும்போதெல்லாம் படகின் இடம் என் கணினிக்கு வரும், பதிவு தொலையாமல் இருக்க. எல்லை மணி நானாகச் சேர்த்தது. அரை மைல் என்ற அளவும் என்னுடையது. கைபேசி காட்டும் இடம் சில மீட்டர்தான் பிழையாக இருக்கும். அரை மைல் தாராளம் என்று எண்ணினேன். கரையோரம் மீன் குறைந்துவிட்டது, கோட்டுக்குக் கிட்டத்தான் மீன் படுகிறது என்று அண்ணை சொல்லியிருந்தார். அவர்களிடம் மிஞ்சியிருக்கும் கடலில் நானும் கொஞ்சத்தைப் பறிக்கக்கூடாது என்று நினைத்தேன்.

அண்ணையோடு இன்னும் நான்கு படகுகள் அதைப் பாவித்தன. ஒருவரும் குறை சொல்லவில்லை. குறை இருந்தால் எழுதுங்கள் என்று செயலிக்குள் ஒரு பெட்டியே வைத்திருந்தேன். எட்டு மாதமும் அது வெறுமையாக இருந்தது. நான் பெருமைப்பட்டேன்.

*

பிடிபட்ட அன்று அலுவலகத்தில் பதினொரு புள்ளிகளையும் திரையில் போட்டுப் பார்த்தேன். எட்டாவது புள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கம். பதினோராவது, கிட்டத்தட்ட ஒரு மைல் அந்தப் பக்கம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மணி அடித்திருக்கிறது. அதுவும் பதிவில் இருந்தது. மணி அடித்தும் ஏன் திரும்பவில்லை? அண்ணை வேண்டுமென்றே போனாரா? ஒலிவாங்கி பிடித்துக் கத்திய அண்ணையா?

வீட்டுக்கு வந்து மடிக்கணினியை அப்பாவின் முன்னால் வைத்தேன். முதலில் பார்க்கமாட்டேன் என்றார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

"இது எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா?"

"கால் மணித்தியாலம் அப்பா."

விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போனார். ஐந்து புள்ளிகள் ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில். "எஞ்சின் ஓடேல்ல. வலை விட்டிட்டு வலையோட போகினம். சோளகம் தள்ளுது." ஆறாவதில் விரல் நின்றது. "இதில மணி அடிச்சதோ?"

"ஓம்."

"இதுக்குப் பிறகு பார், புள்ளி கொஞ்சம் வளையுது. வலையை ஏத்தத் தொடங்கிட்டாங்கள். வலையை இழுக்க வள்ளமும் வலைப்பக்கம் இழுபடும். மணி அடிச்ச உடன தொடங்கியிருக்கிறான்."

"அப்ப ஏன் தாண்டினவர்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அந்த நீள வலையை மூண்டு பேர் கையால ஏத்த எவ்வளவு நேரம் எண்டு நினைக்கிறாய்?"

எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டு மணித்தியாலம். ஆள் கெட்டிக்காரர் எண்டா ஒண்டே முக்கால். அதுவரைக்கும் காத்தும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டுதான் போகும். நீ மணியை எவ்வளவு தூரத்தில வைச்சனி?"

சொன்னேன்.

"அரை மைல்," என்று திரும்பச் சொன்னார். அந்த வேகத்துக்கு அரை மைல் என்றால் இருபத்தைந்து நிமிடம். கணக்கு அவருக்கு என்னைவிட வேகமாக வந்தது. "வலையை வெட்டிப்போட்டு ஓடு எண்டும் உன்ர மெஷின் சொல்லுமோ?"

"அப்பா, நீங்கள் முந்தி எப்பிடிச் செய்தனீங்கள்?"

"கரையில நிக்கிற பனை தண்ணிக்குள்ள தாழ்ந்து மறைய முந்தி வலையை விட்டிடுவம். அதுக்கு அங்கால போகமாட்டம். அது எல்லைக்குக் கனதூரம்." பிறகு, குரலை உயர்த்தாமல், "ஒரு வீட்டில இருக்கிறம். இதை நீ ஏன் என்னட்டைக் கேக்கேல்ல?"

நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. மற்ற நான்கு படகுகளுக்கும் அன்றே செய்தி அனுப்பி, மணியை மூன்று மைலுக்கு மாற்றினேன். அதற்கு நான்கு நிமிடம் எடுத்தது.

*

அண்ணையின் மனைவி வதனி அண்ணி அக்கரையில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்திருந்தார். நாகப்பட்டினத்துக்காரர். எங்கள் பக்கத்தில் சட்டத்தரணி என்போம். அவரை நான் அப்படி அழைத்தபோது "வக்கீல்னே சொல்லுங்க மேடம், அதுதான் நான்" என்றார். நல்ல மனிதர். புள்ளிகளைப் பற்றிச் சொன்னதும் உற்சாகமானார்.

"இது ஸ்ட்ராங் டாக்குமெண்ட் மேடம். மீன் புடிக்க உள்ள வரல, வலையோட தள்ளிட்டு வந்துட்டாங்கன்னு காட்டலாம். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்கோ."

"எதிர்த் தரப்புல கேப்பாங்க. லண்டன்ல இருக்கிற ஒரு சிலோன் பொண்ணுக்கு, பார்டர்ல ஒரு போட்டு எங்க நிக்குதுன்னு கால் மணிக்கு ஒருக்க எதுக்குத் தகவல் போகுது? நான் கேக்கல. அவங்க கேப்பாங்க. நீங்க பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு, நோட்டரி கிட்ட சத்தியம் பண்ணி அனுப்பணும். யோசிச்சுச் சொல்லுங்க." பிறகு, "எங்க பசங்க அங்க வந்தா உங்க நேவி புடிக்குது, உங்க ஆளுங்க இங்க வந்தா எங்க ஆளுங்க புடிக்கறாங்க. ரெண்டு பக்கமும் எனக்குக் கேஸ்தான். ஆனா லண்டன் பார்ட்டி இதுதான் ஃபர்ஸ்ட்" என்றார்.

அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அழைப்பு முடிந்ததும் சொன்னார்: "பேர் போடாத."

ஒன்பது நாள் சண்டை அதுதான். அப்பாவின் வாதம் சுருக்கமானது. அவரோடு கடலுக்குப் போன ஒரு நண்பர், மீன் படும் இடங்களைத் திசையோடும் நேரத்தோடும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். இராணுவத்தின் சோதனை ஒன்றில் கொப்பி அகப்பட்டது. அது என்ன குறிப்பு, யாருக்கு எழுதினது என்று கேட்டு, நான்கு வருடம் வைத்திருந்தார்கள். விளைமீனுக்கு என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"அதுக்குப் பிறகு நான் ஒரு துண்டில கூட இடத்தை எழுதினதில்லை. நீ என்னடா எண்டா மெஷின் வைச்சு எழுதியிருக்கிறாய், அதுவும் லண்டனில. உனக்கு இனி கொழும்புக்கும் போக ஏலாது, மெட்ராசுக்கும் போக ஏலாது."

"அப்ப அண்ணை உள்ளுக்க இருக்கட்டுமோ?"

"நான் அப்பிடிச் சொன்னனானே?"

அவர் அப்படிச் சொல்லவில்லை. வேறு வழியையும் சொல்லவில்லை. அம்மா விம்பிள்டன் கோயிலுக்குப் போய் அண்ணை பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, எங்கள் இருவருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு போட்டார். தம்பி ஒருநாள் என் அறை வாசலில் நின்று, "அக்கா, நீ எழுதினதை நான் ஒருக்கா வாசிச்சுப் பாக்கட்டா? லீகல் இங்கிலிஷ் எனக்கு ஓகே" என்றான். அப்போது நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவன் கேட்டதால்தான் எழுதத் தொடங்கினேன்.

உண்மையை வரிசையாக எழுதினால் ஏழு பந்தி வந்தது. ஏழாவது: "எச்சரிக்கைத் தூரத்தை அரை மைலாக வைத்தது நான். வலையை ஏற்ற எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நான் விசாரிக்கவில்லை. எல்லை தாண்டியதற்கு அந்தத் தூரமே காரணம்."

அதை நீதிமன்றம் அறியமுன் அண்ணி அறியவேண்டும். அண்ணிக்கு இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை காலை அழைப்பு எடுத்து, ஏழாவது பந்தியை அப்படியே வாசித்தேன்.

மறுபக்கத்தில் கோழி ஒன்று கொக்கரித்தது.

"ஆரணி," என்றார் அண்ணி. "அது எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்த மணி பிந்தித்தான் அடிக்குது எண்டு. தை மாசமே இவர் சொன்னவர். 'இது கிட்ட வந்தாப்பிறகுதான் கத்துது, இதை நம்பி வலை விட ஏலாது' எண்டு. அப்ப தங்கச்சிக்குச் சொல்லுங்கோவன் எண்டன். 'சீ, அந்தப் பிள்ளை அங்க வேலையும் செய்துகொண்டு, கண் முழிச்சு இருந்து எங்களுக்காகச் செய்தது. சும்மா தந்ததில குறை பிடிக்கிறதோ' எண்டிட்டார். மற்ற வள்ளக்காரருக்கும் சொல்லி வைச்சவர், ஒருத்தரும் லண்டனுக்கு ஒண்டும் எழுதக்கூடாது எண்டு."

எட்டு மாதம் வெறுமையாக இருந்த பெட்டி.

"அப்ப அண்டைக்கு ஏன் அண்ணி அதை நம்பினவர்?"

"நம்பேல்ல. தன்ர கணக்குக்குத்தான் விட்டவர். அண்டைக்குக் காத்துக் கூடிப்போச்சு. முந்தியெண்டால் முதலே ஏத்தத் தொடங்கியிருப்பார். மணி இன்னும் அடிக்கேல்லத்தானே எண்டு கூட வந்த ரெண்டு பேரும் சொல்லியிருப்பாங்கள். எனக்கு அவங்களைத் தெரியும்." பிறகு அண்ணியின் குரல் கூர்மையானது. "உங்கட குடும்பத்து ஆக்களுக்கு வாய் இருக்குது, கதைக்கத் தெரியாது. நீ கேக்கமாட்டாய், அவர் சொல்லமாட்டார். ரெண்டு பேரும் நல்ல மரியாதைக்காரர். இப்ப அந்தக் கடதாசியை அனுப்பு."

"அப்பா பேர் போடவேண்டாம் எண்டு சொல்லுறார்."

"சித்தப்பாட்டைக் குடு."

கைபேசியை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அப்பா "ஓம்... ஓம் பிள்ளை... விளங்குது" என்று மூன்று முறை சொன்னார். திருப்பித் தரும்போது, "எந்த நொத்தாரிசிட்டைப் போறாய்? நானும் வாறன்" என்றார்.

*

வக்கீல் நோட்டரி என்றது எங்கள் பேச்சில் நொத்தாரிசு. அவர் விம்பிள்டனில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தார். ஆங்கிலேயப் பெண்மணி. ஏழு பந்தியையும் பொறுமையாக வாசித்தார். "குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். அண்ணன் என்றேன். ஒரே பெற்றோரா என்று கேட்டார். இல்லை, அப்பாவின் அண்ணனின் மகன் என்றேன். அப்படியென்றால் ஒன்றுவிட்ட உறவு என்று எழுதவேண்டும் என்றார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணை எண்டு போடச் சொல்லு. ஒண்டுவிட்டு ஒண்டுமில்லை."

"அப்பா, அப்பிடிப் போட்டா நாங்கள் பொய் சொல்லுறம் எண்டு வரும்."

"உண்மையைச் சொன்னாப் பொய்யெண்டு வருமெண்டா, இது என்ன சட்டம்?"

நொத்தாரிசு என்னைப் பார்த்தார். அப்பா உங்கள் நேரத்துக்கு நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான், சத்தியக் கடதாசியில் அது இல்லை.

கையெழுத்துப் போட்டேன். பெயர், பிறந்த இடம், தொழில், டூட்டிங் முகவரி எல்லாம். பிறகு அதை அரசாங்க முத்திரைக்கு அனுப்பினோம். ஒரு பக்கத்தில் சுருக்கக் கையொப்பம் இல்லை என்று திரும்பி வந்தது. திரும்பவும் விம்பிள்டன், திரும்பவும் மாடிப்படி. நாகப்பட்டினம் போய்ச் சேர இன்னும் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அப்பா வீட்டு வாசல் மணி அடித்தால் முதலில் யன்னலால் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். ஒருமுறை அது அமேசான்காரன்.

எதிர்த் தரப்பு அந்தக் கேள்வியைக் கேட்டதாம். எதற்கு லண்டனுக்குத் தகவல் போகிறது? வக்கீல் ஏழாவது பந்தியை எழுந்து நின்று வாசித்திருக்கிறார். "ரகசிய வேலை செய்யறவங்க தப்பு தன்னுதுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பமாட்டாங்கன்னேன் மேடம். நீதிபதி சிரிக்கல, ஆனா ரெண்டு தடவை படிச்சாரு."

விடுதலை உத்தரவு வந்தபோது நான் பாதாள ரயிலில், தொடர்பு இல்லாமல் இருந்தேன். டூட்டிங் புரோட்வேயில் மேலே வந்ததும் பதினான்கு தவறிய அழைப்புகள். பதினான்கும் அப்பாவுடையவை. திருப்பி எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்து, "விட்டாச்சு" என்றார். பின்னால் அம்மா அழுவதும் தொலைக்காட்சியும் கேட்டன. ரயில் நிலைய வாசலில், பூக்கடைக்குப் பக்கத்தில், சனம் இடித்துக்கொண்டு போக நின்றேன். ஒரு மாதத்துக்கு மேலாக என் தோள்கள் காதுக்குக் கிட்ட இருந்திருக்கின்றன. அவை இறங்கியது அப்போதுதான் தெரிந்தது.

மூன்று பேரையும் கப்பலில் கொண்டுவந்து, கோட்டில் வைத்து, இலங்கைக் கடற்படைக் கப்பலுக்கு மாற்றினார்கள். காங்கேசன்துறையில் இறக்கி, வாக்குமூலம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

*

அடுத்த நாள் அண்ணை காணொளியில் வந்தார். தாடி வைத்திருந்தார், மெலிந்திருந்தார். பக்கத்தில் அண்ணி.

"என்ன லண்டன்காரி, என்னைப் பிடிச்சுக் குடுத்ததும் நீ, எடுத்து விட்டதும் நீ."

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"விசர்க்கதை கதையாத. காத்துக்கு நீ பொறுப்போ?" பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எல்லை தாண்டாதே எண்டு கத்தின வாய். உள்ள இருக்கேக்க அதுதான் பெரிய வெக்கமா இருந்தது. எங்களோட இருந்த நாகப்பட்டினத்துப் பெடியள் அந்த வீடியோவை முந்தியே பாத்திருக்கிறாங்கள். 'வாங்கண்ணே, இப்ப நீங்களும் நம்ம ஆளு' எண்டு பீடி தந்தவங்கள்" என்றார்.

"அண்ணை, ஒரு உதவி. செயலியில என்னென்ன பிழை எண்டு சொல்லுங்கோ. எல்லாத்தையும்."

"ஒண்டுமில்லை, எல்லாம் நல்லாத்தான்..."

அண்ணி கைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். "ஆரணி, பேனை எடு. இவர் சொல்லுவார். சொல்லாட்டி இண்டைக்குச் சோறில்லை."

முதலாவது, மணிச் சத்தம் எஞ்சின் சத்தத்துக்குக் கேட்காது. இரண்டாவது, சிவப்புப் பொத்தான் சின்னன். ஈரக்கையால் அமத்த ஏலாது. மூன்றாவது, வெயிலில் திரை தெரியாது. ஒவ்வொன்றுக்கும் "குறையெண்டு சொல்லேல்ல" என்று தொடங்கினார். நான் எழுதிக்கொண்டே போனேன். பதினேழு வந்தது. இடையில் அப்பா பின்னால் வந்து நின்று, "பாயிற நீரோட்டத்தையும் கணக்கில போடு, காத்து மட்டும் போதாது" என்றார். அண்ணையும் அப்பாவும் பிறகு என்னை விட்டுவிட்டு, வலையின் நீளத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் தர்க்கம் பண்ணினார்கள். அப்பா அவ்வளவு நேரம் கடலைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை. நான் ஐந்தாவது பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இன்றைய நிலை இது. மூவரும் வீட்டில் இருக்கிறார்கள். படகு இன்னும் நாகப்பட்டினத்தில், வழக்கு தனியாக நடக்கிறது. திரும்பிவருமா என்று வக்கீல் உறுதி சொல்லவில்லை. வலை இல்லை. அண்ணை இப்போது மைத்துனரின் வள்ளத்தில் கரையோரம் போகிறார். என் பெயர் ஒரு நாட்டின் நீதிமன்றக் கோப்பில் இருக்கிறது. அதனால் என்ன வரும் என்று தெரியாது, இதுவரை ஒன்றும் வரவில்லை. பதினேழில் பதினொன்று திருத்தியாயிற்று. மிச்சம் ஆறு.